கைகாட்டி ஊருக்கு வரலாறு உண்டா?

வணக்கம் ஐயா,

மன்னார்குடி வட்டத்தில் எங்கள் ஊர் ஒரு கைகாட்டி. நாலு பக்கமும் ரோடு பிரிகிறது, அவ்வளவுதான் ஊர். இரண்டு டீக்கடை, ஒரு உரக்கடை, மூடிக்கிடக்கும் அரிசி மில், ஓடு சரிந்த ஒரு பழைய சத்திரம். டீக்கடை ஓரம் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருக்கும். பஸ்ஸுக்கு நிற்கிற பையன்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். என் மகன் எட்டாம் வகுப்பு. 'உங்கள் ஊர் வரலாறு' என்று நாலு பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். பாடல் பெற்ற தலம் இல்லை, கல்வெட்டு இல்லை, ராஜா யாரும் வந்ததாகத் தெரியவில்லை. அரைப் பக்கத்துக்கு மேல் போகவில்லை. இதில் ரோட்டை அகலப்படுத்த அளந்து குறி போட்டுவிட்டும் போயிருக்கிறார்கள். எங்கள் ஊர் மாதிரி ஊர்களுக்கு வரலாறு என்று ஒன்று உண்டா?

செ.

அன்புள்ள செ.,

உண்டு. போகிற போக்கில் ஒரு வரியில் நீங்களே அதை எழுதியும்விட்டீர்கள். பையன்கள் உட்கார்ந்திருக்கும் அந்தக் கல்லைச் சொல்கிறேன். அது சுமைதாங்கி.

நம் பக்கம் கல் கிடையாது. காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல்தான் முழுக்க. கிணறு வெட்டினால் களி வரும், அப்புறம் மணல் வரும், பாறை தட்டாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. அதனால் மன்னார்குடிப் பக்கம் ஒரு ஊரில் கருங்கல் நிற்கிறது என்றால், யாரோ காசு செலவழித்து, வண்டி கட்டி, ஆறுகளைத் தாண்டி அதைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பொருள். டெல்டாவில் எந்தக் கல்லைப் பார்த்தாலும் 'நீ எந்த வழியாக வந்தாய்' என்றுதான் நான் கேட்பேன்.

தலையில் சுமையோடு தனியாகப் போகிறவர் வழியில் இளைப்பாற வேண்டுமென்றால் இறக்கிவிட ஒரு ஆள் வேண்டும், திரும்பத் தூக்கிவிடவும் ஆள் வேண்டும். சுமைதாங்கி இருந்தால் யாரும் வேண்டாம். என் அப்பாயி தயிர்ப்பானையோடு சந்தைக்குப் போகும்போது சின்னப் பையனாகக் கூடப் போயிருக்கிறேன். கல்லை ஒட்டி நிற்பாள், கழுத்தை லேசாகச் சாய்ப்பாள், பானை கல்லுக்கு மாறிவிடும். சும்மாட்டை உதறி முகத்தைத் துடைத்துக்கொள்வாள். மறுபடி அதைச் சுருட்டித் தலையில் வைத்து, பானைக்கு நேராக வந்து நிற்பாள். குனிகிற வேலையே இல்லை.

வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக இந்தக் கல்லை நடுவது நம்மிடம் வழக்கம். இறக்காத சுமையோடு போனவள் அவள். வழிப்போக்கர்கள் இறக்கிவைக்கும் ஒவ்வொரு சுமைக்கும் அவள் பாரம் குறையும் என்று நம்பினார்கள். பல கற்களில் பெயரும் வருஷமும் யார் உபயம் என்பதும் வெட்டியிருக்கும். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு பெண் இறந்திருக்கலாம், அவளுக்காக ஒருவர் கல் தேடிப் போயிருக்கலாம். ராஜா வந்துபோனதைவிட இது எனக்குப் பெரிய வரலாறு.

இப்போது கவனியுங்கள். நின்றபடி தலைச்சுமையை இறக்க வேண்டிய கல்லில் பையன்கள் எப்படி உட்கார முடிகிறது? கல் கீழே போகவில்லை, ரோடு மேலே வந்திருக்கிறது. மண்பாதை, அதன்மேல் கப்பி, அதன்மேல் தார், ஒவ்வொரு முறையும் பழையதன் மேலேயே. தரைக்குமேல் இன்று எவ்வளவு தெரிகிறது என்று மகனை அளக்கச் சொல்லுங்கள். மிச்சம் ரோட்டின் வரலாறு.

சரி, நாலு ரோடு ஏன் அங்கே கூடியது? நம் ஆறுகள் கிழக்கும் தென்கிழக்குமாக ஓடுகின்றன. வண்டி போகத் தோதான மேடு ஆற்றங்கரை மட்டும்தான், மற்றதெல்லாம் வயலும் சேறும். ஆகவே ஒரு பாதை கரையோடு போகும். ஆற்றைத் தாண்டுகிற பாதை எங்கே பாலம் இருக்கிறதோ அங்கேதான் அதை வெட்டும். அந்த இடத்தில் கடை வரும், தண்ணீர்ப்பந்தல் வரும், அப்புறம் ஊர் வரும். உங்கள் ஊர்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பாருங்கள், கட்டிய வருஷத்தைப் பொறித்திருக்கக்கூடும்.

ஆற்றைத் தாண்டித் தெற்கே போனவர்களில் பெருங்கூட்டம் சேதுவுக்குப் போனவர்கள். காசியிலிருந்துகூட நடந்தே ராமேஸ்வரம் வந்தார்கள். அவர்களுக்காகத் தஞ்சை மராட்டிய அரசர்கள் வழிநெடுக சத்திரம் கட்டினார்கள். உங்களுக்குப் பக்கத்தில் நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் இருக்கிறது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1800களின் தொடக்கத்தில் முத்தாம்பாள் பேரில் கட்டியது இருக்கிறது. யானையும் குதிரையும் இழுக்கும் தேர் மாதிரி அமைத்த அந்தச் சுவர்ப் பகுதியைப் பார்க்க மகனை ஒருநாள் கூட்டிப்போங்கள். சேதுபாவாசத்திரம், ராஜாமடம் என்று ஊர்ப்பெயராகவே நின்றுவிட்டவையும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி நிர்வாகத்தை எடுத்துக்கொண்டபின், 1801இல், சத்திரங்களுக்குக் குறை வந்துவிடக் கூடாது என்று சரபோஜி, தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு, குழந்தைகளுக்குப் பால், நோயாளிக்கு வைத்தியம், வழியில் இறந்தால் அவரவர் முறைப்படி காரியம் என்று அதில் அடுக்கிச் சொல்கிறார்.

1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் ராமேஸ்வரம் வரைக்கும் ரயிலிலேயே போகலாம் என்றாயிற்று. நடக்கிறவர் இல்லாத வழியில் சத்திரத்துக்கு என்ன வேலை? பள்ளிக்கூடமானது, விடுதியானது, நெல் மூட்டை போட்டார்கள், கடைசியில் பூட்டினார்கள். நவம்பர் 2018 கஜா புயலில் மரம் விழுந்து பல கட்டடங்களின் ஓடு போயிற்று. உங்கள் சத்திரத்தின் ஓடும் அப்போது சரிந்ததா, அதற்கு முன்பேயா என்று டீக்கடையில் கேளுங்கள்.

உங்கள் சத்திரம் எந்தக் காலத்தது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. காரை உதிர்ந்த இடத்தில் செங்கல்லைப் பாருங்கள். இரண்டு விரல் தடிமனில் தட்டையாக இருந்தால் சித்துக்கல், பழசு. இன்றைய அளவுக் கல்லாக இருந்தால் பின்னால் கட்டியது அல்லது பழுதுபார்த்தது. ஓடும் அப்படித்தான். நாட்டு ஓட்டின்மேல் சீமை ஓடு ஏறியிருந்தால் நடுவில் யாரோ செலவு செய்திருக்கிறார்கள். விளக்கு மாடங்களை எண்ணுங்கள், எத்தனை பேர் படுத்திருப்பார்கள் என்று ஒரு கணக்கு கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் நிலங்களின் விவரம் இருக்கும் 'அ' பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். அந்த இடம் சத்திரம் புறம்போக்கு என்றே பதிவாகியிருக்கலாம்.

இன்னொன்றையும் மகன் எழுத வேண்டும். சத்திரத்தில் யார் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பது. எல்லோருக்கும் சோறு என்றால் எல்லோருக்கும் ஒரே பந்தி என்று ஆகாது. யமுனாம்பாள் சத்திரம் இருக்கும் அதே நீடாமங்கலத்தில் டிசம்பர் 1937இல் காங்கிரஸ் மாநாட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காகத் தலித் தொழிலாளர்களை அடித்து, மொட்டையடித்து, சாணிப்பால் கொடுத்தார்கள். ஆகவே பெரிய தெருவில் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. சத்திரத்துக்கு விறகு பிளந்தவர்கள், நெல் குத்தியவர்கள் யார் வீட்டுக்காரர்கள் என்று கேட்டுக்கொண்டு அந்தத் தெருக்களுக்கும் போகச் சொல்லுங்கள். அந்த வீட்டுக் கிழவிகளுக்குத் தெரிந்தது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

அளந்து குறி போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊர்ச் சுமைதாங்கியை ஒரே காலையில் பொக்லைன் பெயர்த்துப் போட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது குறுக்குக்கல் இரண்டாக உடைந்து சாக்கடைக்கு மூடியாகியிருந்தது. ரோடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, கல்லைப் பத்தடி தள்ளி நட்டிருக்கலாம். கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. நீங்கள் ஊராட்சியில் இப்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. எழுத்து இருந்தால் அது நட்ட கல்லின் முகத்தில், இன்று மண்ணுக்குள் இருக்கும் பகுதியில் இருக்கவும் கூடும். நாலு பேரை வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் இல்லாமல் பின்பக்கமாக ஒரு முழம் மண்ணை எடுங்கள். கடப்பாரை வேண்டாம், கொத்து போதும். தண்ணீர் விட்டுத் தேங்காய் நாரால் தேயுங்கள். சுண்ணாம்போ பெயிண்டோ பூசக் கூடாது. இருட்டின பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்து மேலெழும்பித் தெரியும். மகனையே படித்து எழுதச் சொல்லுங்கள், தெரியாத எழுத்துக்குப் புள்ளி வைத்தால் போதும். போட்டோவை எனக்கு அனுப்புங்கள். குறுவை அறுப்பு முடிந்ததும் நானும் வருகிறேன்.