பள்ளி "பொறுங்கள்" என்றால் பொறுக்கத் தேவையில்லை

ஏழு வயதுப் பையன் இன்னும் ரெண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேசவில்லை, பள்ளியிலோ "ஆங்கிலம் பழகட்டும், ஒரு வருஷம் பார்க்கலாம்" என்கிறார்கள், உதவி கேட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமா, 18 ஆனதும் நமக்கு உரிமை போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி. என் மகளுக்கு இப்போது 19, இங்கிலாந்தில்தான் வளர்ந்தாள், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்து, வேல்ஸில் சட்டம் வேறு.

வீட்டு மொழி வேறு என்பதை மட்டும் வைத்துக் குழந்தைக்குக் கற்றல் சிரமம் என்று சொல்லக்கூடாது என 2014ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. சரியான விதிதான். ஆனால் அதையே சாக்காக வைத்து நம் பிள்ளைகளைக் காத்திருக்க வைப்பதும் நடக்கிறது. உங்கள் பையன் தமிழிலும் பேசவில்லையே! அதைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும். கோவையில் பேச்சுப் பயிற்சிக்குப் போன ரிப்போர்ட் இருந்தால் அதையும் இணைத்து, இ.எச்.சி. (கல்வி, உடல்நலம், பராமரிப்பு உதவித் திட்டம்) மதிப்பீடு வேண்டும் என்று உங்கள் ஊர் கவுன்சிலுக்கு நீங்களே மெயில் போடுங்கள். பள்ளியின் அனுமதியோ, ஆட்டிசம் என்ற டாக்டர் சான்றோ இதற்குக் கட்டாயமில்லை. மதிப்பீடு செய்வார்களா இல்லையா என்று 6 வாரத்துக்குள் பதில் வர வேண்டும், திட்டம் கொடுப்பதானால் மொத்தம் 20 வாரம். பல கவுன்சில்கள் இழுத்தடிக்கும், தேதி குறித்து வைத்துத் துரத்துங்கள். மறுத்தால் ட்ரிப்யூனலுக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் சென்டியாஸ் என்று இலவச ஆலோசனை இருக்கும், அவர்களிடம் பேசுங்கள்.

திட்டத்தின் வரைவு வந்ததும், படிப்புக்கு என்ன உதவி தருவார்கள் என்று சொல்லும் எஃப் பகுதியை ஒரு எழுத்து விடாமல் படியுங்கள். "தேவைப்படும்போது பேச்சுப் பயிற்சி" என்று எழுதியிருந்தால் அது ஒன்றுமே இல்லை. யார், வாரத்துக்கு எத்தனை தடவை, எத்தனை நிமிஷம் என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சண்டை போடக்கூடப் பிடி இருக்காது.

விசா விஷயம். பள்ளி உதவியும் இ.எச்.சி. திட்டமும், வாங்கக்கூடாது என்று பல விசாக்களில் தடை போடும் "பொது நிதி"யில் சேராது, பயப்படாமல் கேளுங்கள். ஆனால் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான டி.எல்.ஏ. என்ற உதவித்தொகை பொது நிதிதான், உங்கள் விசாவில் அந்தத் தடை இருந்தால் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் விண்ணப்பிக்காதீர்கள். சோஷியல் வொர்க்கர் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று வாட்ஸாப்பில் சுற்றுவதை நம்பி, கிடைக்கிற பராமரிப்பு உதவியையும் விட்டுவிடாதீர்கள். 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி மாற்றுத்திறன் உள்ள பிள்ளை உதவி தேவைப்படும் குழந்தைதான், உங்களுக்கு ஓய்வு கிடைக்கும்படி அவனைச் சில மணி நேரம் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் கேட்கலாம்.

18 பற்றி. முடிவெடுக்கும் திறன் குறித்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் 16லிருந்தே பொருந்தும். திறன் உண்டு என்றுதான் தொடங்க வேண்டும், இல்லை என்பவர்தான் காட்ட வேண்டும், அதுவும் ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாக. என் மகள் ரத்தப் பரிசோதனைக்குப் படம் பார்த்துத் தானே சம்மதம் சொல்வாள், வீட்டு வாடகை ஒப்பந்தம் அவளுக்குப் புரியாது. 18க்குப் பிறகு அவன் பணத்தை நீங்கள் பார்த்துக்கொள்ள, அதைப் புரிந்துகொள்ளும் திறன் அவனுக்கு இருந்தால் அவனே அதிகாரம் எழுதிக் கொடுக்கலாம், இல்லையென்றால் திறன் இல்லாதவர்கள் சார்பில் முடிவெடுக்கும் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் புரொடெக்‌ஷனில் மனு போட வேண்டும், பெற்றோர் என்பதால் மட்டும் கையெழுத்து உரிமை வராது. அதற்கு நாள் இருக்கிறது. இப்போதிருந்தே இட்லியா தோசையா, எந்தச் சட்டை என்று படம் காட்டி அவனையே தேர்ந்தெடுக்க விட்டு, அவன் "வேண்டாம்" என்பதை எப்படிக் காட்டுகிறான் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பின்னால் திறனை மதிப்பிட வருகிறவருக்கு அது உதவும்.