ஏழு கடல் தாண்டி ஒரு கிளி

அன்புள்ள ஐயா,

நான் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறேன். கணினியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கருவிகள், மென்பொருள், விளையாட்டு, மாயக்கதைகள் பற்றி நீங்கள் எழுதுவதைப் பள்ளி நாள்களிலிருந்தே வாசித்து வருகிறேன். பகுதிநேர வேலை செய்து 2,000 வெள்ளி சேர்த்திருக்கிறேன். கையடக்க விளையாட்டுக் கருவி வாங்குவதா, மின்னூல் வாசிப்பான் வாங்குவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. திரை 60 ஹெர்ட்ஸ் இருந்தால் போதுமா, 120 வேண்டுமா? நல்ல விளையாட்டு நாவலுக்குச் சமம் என்று எழுதியிருந்தீர்கள். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறீர்களா? மேலைநாட்டில் இருப்பதுபோல் தமிழில் ஏன் மாயக்கதைகள் இல்லை?

எனக்குக் கைப்பேசி இன்னும் மந்திரமாகத்தான் தெரிகிறது. அமெரிக்காவிலும் தைவானிலும் அந்த மந்திரத்தைச் செய்கிறார்கள், நாம் வாங்கி வைத்துக்கொள்கிறோம். இதையெல்லாம் பேச வீட்டில் ஆள் இல்லை. அம்மா 22 ஆண்டுகளாகப் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாசில் சாதாரண ஆலை வேலைதான் செய்கிறார். அவருக்கு இது புரியாது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ம., புக்கிட் மெர்தாஜாம்

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதல் முறை கேள்விகளுக்காக. அடுத்த இரண்டு முறையும் கடைசிப் பத்திக்காக.

வாங்குவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மின்னூல் வாசிப்பானை வாங்குங்கள். பகல் முழுவதும் ஒளிரும் திரையின் முன் உட்கார்ந்து படிக்கிறவருக்கு இரவில் மடியில் இன்னொரு ஒளிரும் திரை வேண்டாம். வாசிப்பானின் திரைக்குள் கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் இருக்கின்றன. மின்னூட்டத்துக்கு ஏற்ப அவை மேலே வரும், கீழே போகும். வந்து நின்ற துகள் அப்படியே நிற்கும். பக்கத்தைப் புரட்டும்போது மட்டும் மின்சாரம் செலவாவதால்தான் ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் தாங்குகிறது. வாங்கும் முன் கடையிலேயே ஒரு தமிழ் நூலைத் திறந்து பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நின்றால் அந்தக் கருவி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற 60, 120 ஹெர்ட்ஸ் கணக்கையெல்லாம் விட்டுவிடுங்கள். விற்பவர்களுக்குப் பேச ஏதாவது ஓர் எண் வேண்டும்.

விளையாட்டைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. தோற்றவனைத் திரும்ப முயலவைத்து, அந்த முயற்சியில் அவன் கண்ணுக்கும் கைக்கும் புதிய பழக்கத்தைக் கொடுக்கிற விளையாட்டை எந்த நாவலுக்குப் பக்கத்திலும் வைப்பேன். பரிசுப் பெட்டியைத் திறக்கத் திறக்கக் காசு கேட்பதைச் சூதாட்டம் என்றே சொல்லுங்கள்.

தமிழில் மாயக்கதை இல்லை என்று யார் சொன்னது? முதுகில் வேதாளத்தைச் சுமந்துகொண்டு நடக்கும் விக்கிரமாதித்தனை உங்களுக்கு யாருமே சொல்லவில்லையா? மந்திரவாதியின் கதையையாவது கேட்டிருப்பீர்கள். அவனை வாளால் வெட்டினாலும் சாகமாட்டான், தீயில் தள்ளினாலும் சாகமாட்டான். ஏழு கடல், ஏழு மலை தாண்டி, ஒரு மரப்பொந்தில் இருக்கும் கிளிக்குள் அவன் உயிர் இருக்கும். நான் வாசித்த மாயக்கதைகளில் இதைவிடக் கூர்மையான கற்பனை அதிகமில்லை. எட்டு வயதில் பாட்டி இதைச் சொன்னபோது எனக்கு மந்திரவாதிமேல் பயம் வரவில்லை. அந்தக் கிளிக்கு யார் தீனி வைக்கிறார்கள் என்றுதான் கேட்டேன். பாட்டியிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியைத்தான் இப்போது உங்களிடமும் கேட்கிறேன். உங்கள் கைப்பேசி மந்திரம் என்றால் அதன் கிளி எங்கே இருக்கிறது? அமெரிக்கா, தைவான் என்று கைகாட்டிவிட்டீர்கள். தம்பி, நீங்கள் ஏழு கடல் தாண்டவே வேண்டாம். பினாங்குப் பாலத்தைத் தாண்டினால் போதும்.

சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற தகுதியை 1969இல் பினாங்கு இழந்தது. வணிகம் படுத்தது, இளைஞர்கள் வேலையின்றி அலைந்தார்கள். அப்போது முதலமைச்சராக இருந்த லிம் சொங் யூ பாயான் லெப்பாசில் நெல் வயல்களாகக் கிடந்த நிலத்தில் 1972இல் தடையற்ற வணிக வட்டாரத்தை உருவாக்கினார். கணினிச் சில்லுகளை, அதாவது சிப்களை, செய்யும் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அதே ஆண்டில் அங்கேதான் தொடங்கியது. அதன் பிறகு வந்த நிறுவனங்கள் பல. இன்று உலகில் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. சிலிக்கான் தட்டில் வடித்த சில்லு அப்படியே எதற்கும் உதவாது. அதை அறுத்து, தாங்கியில் ஒட்டி, வெளியே செல்லும் கால்களோடு இணைத்து, மூடி, சூட்டிலும் குளிரிலும் சோதித்த பிறகுதான் அதற்கு உயிர் வருகிறது. பல இன்டெல் சில்லுகளின் முகத்தில் நம் நாட்டின் பெயரைச் சுருக்கி ஐந்து ஆங்கில எழுத்துகளில் பொறித்திருப்பார்கள். உங்கள் கல்லூரியில் பழைய கணினி எதையாவது பிரித்தால் தேடிப் பாருங்கள்.

இவற்றை நான் நூல்களில் வாசித்தது பின்னாளில்தான். எனக்கு இது வீட்டுக் கதையாகத்தான் முதலில் வந்தது.

நாங்கள் பட்டர்வொர்த்தில், பாகான் டாலாமில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். 1976இல் அக்கா ஒரு சில்லு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு 18 வயது, எனக்கு 12. பாலம் 1985இல்தான் திறந்தது. அதுவரை ஃபெரிதான். விடியும் முன் எழுந்து, நடந்து போய் ஃபெரி ஏறி, அக்கரையில் காத்திருக்கும் ஆலைப் பஸ்சில் பாயான் லெப்பாஸ் போவார். ஆலைக்குப் போகும் பெண்களை அந்தக் காலத்தில் மலாயில் 'மினா காரான்' என்று கேலி செய்தார்கள். காரான் என்றால் மின்சாரம். எங்கள் உறவுக்காரர்கள் அதைவிட மோசமாகப் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே அக்கா சம்பளத்தைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுப்பார். என் பள்ளிச் சீருடையும் முதல் கணக்குப்பொறியும் அந்தப் பணத்தில் வாங்கியவை.

அங்கே என்ன வேலை என்று ஒருநாள் கேட்டேன். அக்கா தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, விளக்குக்குக் கீழே வெள்ளைத் தாளில் நீட்டி வைத்தார். "நாங்கள் இழுக்கும் தங்கக் கம்பி இதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும்" என்றார். நம்பவில்லை. பிறகுதான் கணக்கு தெரிந்தது. முடி ஏறத்தாழ 70 மைக்ரான், கம்பி 25. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அந்தக் கம்பியை ஊசித்துளையில் கோத்திருப்பார்கள். நுனியில் சிறிய ஹைட்ரஜன் தீநாக்கு பட்டதும் அது உருகி உருண்டையாகும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, சில்லின் விளிம்பில் இருக்கும் சதுரத்தில் அந்த உருண்டையை அழுத்த வேண்டும். தூக்கி, வளைவு விட்டு, காலின் முனையில் மறுபடி அழுத்தி, அறுக்க வேண்டும். மறுபடி தீ, மறுபடி உருண்டை. 24 கால் என்றால் 24 கம்பி, 48 ஒட்டு. வளைவு தாழ்ந்தால் சில்லில் உரசும், சாய்ந்தால் பக்கத்துக் கம்பியைத் தொடும். இரண்டில் எது நடந்தாலும் ரிஜெக்ட். இதை எட்டு மணி நேரம் செய்துவிட்டு வருகிறவரின் வலது கை தூங்காது. பாயில் படுத்திருக்கும்போது அக்காவின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேரும், சற்று எழும்பும், நகரும், அழுத்தும். கண் மூடியிருக்கும், மூச்சு சீராக வரும். கை மட்டும் அடுத்த காலுக்குப் போய்க்கொண்டிருக்கும். சிம்னி விளக்கைத் தணித்துவிட்டு நான் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன்.

ஒன்பது ஆண்டுகளில் கண் மங்கியது. அந்த ஆலை அவரை வேறு பிரிவுக்கு மாற்றியது, ஒரு மூக்குக் கண்ணாடிக்குக்கூடப் பணம் தரவில்லை. இதை எழுதும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இப்போது நீங்கள் எழுதிய வாக்கியத்துக்கு வருகிறேன். "சாதாரண ஆலை வேலைதான்." இதில் எந்தச் சொல் சரி? என்ன ஆலை, என்ன பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே நீங்கள் கேட்டதில்லை என்று தெரிகிறது. அம்மா தொடுவது சில்லாக இருக்கலாம், வட்டாக இருக்கலாம், இதயத்துக்குள் வைக்கும் மருத்துவக் கருவியாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் 22 ஆண்டுகள் ஒரு பொருளைக் கையில் வைத்திருந்தவருக்கு அதன் குறை என்ன, நிறை என்ன என்று தெரியாமல் இருக்காது. அவருக்கு ஹெர்ட்ஸ் கணக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்தக் கணக்கைப் படிக்க உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். அவருக்குத் தெரிந்ததைப் படிக்க உங்களுக்கு எத்தனை ஆண்டுகள் ஆகும்?

கருவிகளைப் பற்றி எழுதும் எங்கள் கூட்டமும் இதில் சேர்த்திதான். பெட்டியைத் திறப்பதிலிருந்து விமர்சனத்தைத் தொடங்குகிறோம். எடை, திரை, விலை, மதிப்பெண். அந்தப் பெட்டி மூடப்படுவதற்கு முன் அது எத்தனை கைகளில் இருந்தது என்று ஒரு வரி எழுதுவதில்லை. மாயக்கதையில்கூட மந்திரத்துக்கு விலை உண்டு. மந்திரம் கற்றவன் ஏதாவது ஒன்றை இழந்திருப்பான், நல்ல எழுத்தாளர் அதை மறக்கமாட்டார். நாங்கள் விலை என்றால் எத்தனை வெள்ளி என்பதை மட்டும் எழுதுகிறோம். மந்திரம் என்ற சொல் விற்பவர்களுக்கு மிகவும் பிடித்த சொல், தம்பி. மந்திரத்தில் தொழிலாளி கிடையாது, ஷிப்ட் கிடையாது, கண் மங்கிப்போன பெண் கிடையாது. கணினி படிக்கும் மாணவராகிய நீங்கள் அந்தச் சொல்லைத் தொடக்கூடாது.

மென்பொருளிலும் இதே கதைதான். நாம் வாங்கி வைத்துக்கொள்பவர்கள் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கணினியில் தமிழில் எழுத உதவும் முரசு மென்பொருள் 1985இல் கோலாலம்பூரில் பிறந்தது. அதை உருவாக்கிய முத்து நெடுமாறன் செய்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளோடு உலகம் முழுவதும் போகிறது. இதைத் தனியாக ஒருநாள் விரிவாக எழுதுகிறேன்.

சென்ற மாதம் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் ஒரு சில்லு கிடைத்தது, மூன்று வெள்ளிக்கு. 2716 வகை நினைவகச் சில்லு. 24 கால், கொள்ளளவு 2,048 பைட். புற ஊதா ஒளி பட்டால் அதில் எழுதியது அழியும். அதற்காக முதுகில் குவார்ட்ஸ் கண்ணாடிச் சன்னல் வைத்திருப்பார்கள். அந்தச் சன்னல் வழியாக உள்ளே இருக்கும் சில்லையும் கம்பிகளையும் பார்க்கலாம். அடிப்பக்கம் மலேசியா என்று பொறித்திருந்தது. கைப்பேசியில் அண்மைக் காட்சி லென்சைப் போட்டுப் படம் எடுத்து, தட்டைக்கணினியில் திரை நிறையப் பெரிதாக்கி அக்காவிடம் காட்டினேன். இப்போது அவருக்கு 67 வயது. செய்தித்தாளின் தலைப்பைத் தவிர வேறெதையும் வாசிக்க முடியாது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

"இது அலுமினியம். நுனியில் உருண்டை இல்லை, பார். நாங்கள் செய்தது தங்கம்."

இத்தனை ஆண்டுகளாகக் கருவிகளைப் பற்றி எழுதும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. இன்றைய கைப்பேசிகளின் முதன்மைச் சில்லுகளில் பெரும்பாலும் கம்பியே இல்லை, சில்லைக் கவிழ்த்து நுண்ணிய பற்றுப் புள்ளிகளால் ஒட்டுகிறார்கள், நினைவகச் சில்லுகளில்தான் கம்பி இன்றும் ஓடுகிறது, அதையும் பொறி இழுக்கிறது என்று சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. விரலால் திரையை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். ஒவ்வொரு கம்பியிலும் ஒரு கணம் நின்றார். வலப்பக்க மூலைக்கு வந்ததும் கை நின்றது.

"மூன்றாவது கம்பி சாய்ந்திருக்கிறது. நானாக இருந்தால் இதை அனுப்பியிருக்கமாட்டேன்."

எனக்கு 24 கம்பிகளும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. இன்னும் பெரிதாக்கினேன். அதன் பிறகுதான் அந்தச் சாய்வு என் கண்ணுக்குப் பட்டது.

உங்கள் அம்மாவின் ஷிப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது என்று உங்களுக்குத் தெரியும்தானே? அவர் வந்து முகம் கழுவி, தேநீர் குடித்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வாசிப்பானை அடுத்த வாரம் வாங்கலாம். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.