டேபிளோ கிளாஸோ, உறுப்பினர் எண்ணை விடாதீர்கள்

டர்பன் சாட்ஸ்வர்த்தில் கோயில் உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் வாசகி கேட்கிறார்: "எங்களுடையது ரிலேஷனல் டேட்டாபேஸ். பெயர் தேடினால் தாமதமாகிறது. மென்பொருள் விற்பவர், ஆப்ஜெக்ட் டேட்டாபேஸுக்கு மாறினால் உறுப்பினர் எண்ணே தேவைப்படாது, ஓஐடி போதும் என்கிறார். அவர் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை. மாறலாமா?"

மாற வேண்டாம் அம்மா. அந்தச் சொற்களில் பாதி உங்களுக்குத் தெரிந்தவைதான். ரிலேஷனல் என்றால் தகவலை டேபிள்களில், அதாவது அட்டவணைகளில், வைப்பது. ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ் அதையே ஆப்ஜெக்ட்களாக வைப்பது. உங்கள் டேபிளில் ஓர் உறுப்பினருக்கான வரிசை, அங்கே ஆப்ஜெக்ட். பெயர், முகவரி என்ற நெடுவரிசைகள் அட்ரிபியூட். டேபிளுக்குக் கிட்டத்தில் வருவது கிளாஸ். ஆனால் அது வெறும் அச்சு. அதில் வார்த்த ஆப்ஜெக்ட்கள் எல்லாம் சேர்ந்தது எக்ஸ்டென்ட்.

ஓஐடிதான் (ஆப்ஜெக்ட் ஐடென்டிஃபையர், ஆப்ஜெக்ட்டின் அடையாளம்) சிக்கலான இடம். அப்பா ஆர். கோவெண்டர், மகனும் ஆர். கோவெண்டர், ஒரே வீடு, ஒரே தொலைபேசி. உங்கள் டேபிளில் இருவரையும் பிரித்துக் காட்டுவது உறுப்பினர் எண். ஆப்ஜெக்ட் முறையில் ஒவ்வொருவருக்கும் மென்பொருளே ஓர் ஓஐடி கொடுத்துவிடும். கல்யாணமாகிப் பெயர் மாறினாலும், வீடு மாறினாலும் அது மாறாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மென்பொருள் தனக்குள் வைத்துக்கொள்ளும் அடையாளம். காவடிக்குக் காணிக்கை கட்டுபவரின் ரசீதில் அதை எழுத முடியாது. நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போனால் அது கூட வரும் என்று நம்பவும் முடியாது. அன்று எந்த கோவெண்டர் சந்தா கட்டினார் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? எண்ணை விடச் சொல்பவர், உங்களைத் தன்னிடமே கட்டிப்போடப் பார்க்கிறார்.

உறுப்பினர் எண்ணுக்குப் பதிலாக, தென்னாப்பிரிக்க அரசு தரும் 13 இலக்க அடையாள எண்ணைப் போடலாம் என்பார்கள். வேண்டாம். அதன் முதல் 6 இலக்கங்களே பிறந்த தேதி. ரசீதில் அச்சிடும் விஷயமா அது?

ஒரு சங்கத்தின் பதிவேட்டை விற்பனையாளரின் பூட்டிலிருந்து மீட்க நான் மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறேன். நிர்வாகக் குழுக்கள் மூன்று விலைப்பட்டியல் கேட்கும், இரண்டு கூட்டம் போடும். தரவைத் திரும்ப எப்படி வாங்குவது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. எரிச்சலாக வருகிறது. யாரிடம் வாங்கினாலும், கேட்டபோதெல்லாம் முழுத் தரவையும் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பு, வேறு மென்பொருளிலும் திறக்கலாம்) தருவேன் என்று எழுத்தில் வாங்குங்கள்.

சரி, தாமதம்? பெயர் நெடுவரிசைக்கு இண்டெக்ஸ், அதாவது புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு போல இடத்தைச் சட்டென்று காட்டும் பட்டியல், இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். அதற்குப் புது டேட்டாபேஸ் தேவையில்லை.