அம்மாவின் அசதி – கடிதம்

அன்புள்ள அக்கா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ஈப்போவில் கணக்கு அலுவலக வேலை. வீடு திரும்ப இரவு ஏழாகிவிடும். நான்கு வயது மகளை மாமியார் பார்த்துக்கொள்கிறார். முன்பெல்லாம் கார் சத்தம் கேட்டதும் ஓடி வருவாள். எனக்குப் பேசத் தெம்பு இருக்காது, போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இப்போது அவள் வருவதில்லை. தாயைப் பிரிந்த பிள்ளைகளின் மனம் கெடும் என்று பௌல்பி என்ற உளவியலாளர் சொன்னதைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. கணவரும் களைத்துத்தான் வருகிறார், அவரைத் தொந்தரவு செய்ய மனமில்லை. வேலையை விட்டுவிடட்டுமா? பாலர்பள்ளியில் இப்போதே சேர்க்கலாமா?

க.

அன்புள்ள தங்கைக்கு,

பாலர்பள்ளியைப் பற்றி உன் தாமான் குடியிருப்பில் நாலு பேரைக் கேள், போதும். வேலையை விடுவதற்கு முன் ஒன்று செய். 2023 ஜனவரி முதல் நம் மலேசிய வேலைச் சட்டத்தில், நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. முதலாளி 60 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

பௌல்பியை யாரோ உனக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். 1951-இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு அவர் எழுதிய அறிக்கை, வீடிழந்து விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியது. இரவு ஏழு மணிக்கு வீட்டுக்கு வரும் தாயைப் பற்றியது அல்ல. 1991-இல் தொடங்கி அமெரிக்காவில் ஆய்வாளர்கள் பத்து இடங்களில் 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்த்தார்கள். பிறர் கையில் வளர்வதால் மட்டும் பிள்ளைக்குத் தாயோடு உள்ள பிணைப்பு கெடுவதில்லை என்று அதில் தெரிந்தது. பிள்ளையின் குறிப்பைத் தாய் எவ்வளவு கவனித்துப் பதில் தருகிறாள் என்பதே பெரிதாக இருந்தது.

சரி, உன் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, பேசத் தெம்பில்லை என்பது.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டு, ஆளெண்ணி வேலை பிரிப்பார்கள். தூக்கம் கலையாத எங்களை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு அம்மா ரப்பர் மரம் சீவப் போவார். பால் எடுத்து, ஸ்டோரில் எடை நிறுத்துவிட்டு வரும்போது உச்சி வெயில் ஆகியிருக்கும். தோளில் தூக்கிய காண்டா வாளியை இறக்கி வைத்துவிட்டு, லயத்து வீட்டு வாசற்படியில் ஒரு மங்கு பாலில்லாத கோப்பி ஓவோடு உட்காருவார். உடம்பெல்லாம் ஒட்டுப்பால் வாடை. நான் பக்கத்தில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அம்மாவுக்கு என்னைப் பிடிக்காது என்று பத்து வயது வரை நினைத்திருந்தேன். பல வருஷம் கழித்துக் கேட்டபோது, "அப்ப வாயத் தொறந்தா அழுதுருவேன், அதான்" என்றார்.

அப்பாவும் அதே தோட்டத்தில் அதே வேலைதான். அவர் வந்து பாயில் சாய்ந்ததும் அம்மா எங்களை அதட்டுவார்: "அப்பா அசந்து படுத்திருக்காரு, சத்தம் போடாதீங்க." அப்பா பேசாதது எங்களை ஒருநாளும் வருத்தியதில்லை. அது அசதி என்று சொல்லப்பட்டிருந்தது. அம்மா அசந்திருக்கிறார் என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

ரெனா ரெபெட்டி என்ற உளவியலாளர் 1989-இல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை ஆராய்ந்தார். வேலை நெரிசலான நாளில் அவர்கள் வீட்டில் பேச்சைக் குறைத்து ஒதுங்கினார்கள். மனைவியோ கணவரோ அனுசரணையாக இருந்த வீடுகளில் ஒதுங்குவது அதிகமாகவும், எரிந்து விழுவது குறைவாகவும் இருந்தது. 1997-இல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து, வேலை முடிந்து பிள்ளையை அழைக்க வரும் தாய்மாரைப் பார்த்தார்கள். பளு கூடிய நாளில் அவர்களும் பேச்சும் கொஞ்சலும் குறைந்தே இருந்தார்கள். அன்பு குறைந்ததால் அல்ல, வேலை அன்றைக்கு அவர்களைப் பிழிந்திருந்தது. உனக்கு நடப்பதும் இதுதான்.

இப்போது உன்னைத் திட்ட வேண்டும். உன் கடிதத்தில் உன் கணவருக்கு ஒரே ஒரு வரி. அவர் களைத்து வந்தால் தொந்தரவு செய்யக்கூடாது, நீ களைத்து வந்தால் பிள்ளையின் மனம் கெட்டுவிடும். இது என்ன நியாயம் தங்கச்சி? அவர் ஒதுங்க நீ இடம் விடுகிறாய். உனக்கு அந்த இடத்தை யார் விடுகிறார்கள்? ஆராய்ச்சியைப் படித்துத் தூக்கம் கெடுவதும் நீதான். அவரை நீயே கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு, தனியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்கிறாய். எனக்குக் கோபமே வருகிறது.

போனைப் பற்றி ரொம்ப வருந்தாதே. அம்மாவுக்குக் கோப்பி, உனக்குப் போன். ஆனால் கோப்பி தீர்ந்துவிடும், போன் தீராது. அதனால் வந்ததும் மகளைத் தூக்கி, "அம்மாவுக்கு அசதிடா, குளிச்சிட்டு வந்து உன்னோட உக்கார்றேன்" என்று சொல். நான்கு வயதுக்கு அது புரியும். சொன்னபடி போய் உட்காரவும் வேண்டும். நீ குளிக்கும் அந்தக் கால் மணி நேரம் அவளை வைத்திருப்பது மாமியார் வேலை அல்ல, அவளுடைய அப்பாவின் வேலை. இதை அவரிடம் படித்துக் காட்டு. கேட்க ஏதாவது இருந்தால் அவரையே எழுதச் சொல்.

அக்கா