பூவும் மனமும்: வாசகர் கேள்விகளுக்கு ஓர் உளவளத்துணையாளரின் பதில்கள்

பூவைப் பார்த்தால் மனம் தெளியும் என்கிறார்களே, ஆதாரம் இருக்கிறதா? (கொக்குவில்)

இருக்கிறது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெனட் ஹேவிலண்ட்-ஜோன்ஸ் குழுவினர் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. பெண்களுக்குப் பூங்கொத்து, பழக்கூடை, மெழுகுதிரி என்று வெவ்வேறு பரிசுகளைக் கொடுத்து முகத்தைக் கவனித்தார்கள். பூ வாங்கிய எல்லோரிடமும் கண்ணும் சேர்ந்து மலரும் உண்மையான சிரிப்பு வந்தது. மற்றப் பரிசுகளுக்கு எல்லோரிடமும் அப்படி வரவில்லை. பூ வியாபாரிகளின் சங்கம் ஆதரவு கொடுத்த ஆய்வு என்பதால் கொஞ்சம் நிதானமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மணத்தை உணரும் நரம்புப் பாதை, மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு மிகக் கிட்ட இருக்கிறது. மல்லிகை மணத்தோடு நல்லூர்த் திருவிழாவும் சேர்ந்து நினைவுக்கு வருவது அதனால்தான்.

என் அனுபவத்தில், பூவைப் பார்ப்பதைவிட அதைச் செடியிலிருந்து ஆய்வதும் மாலையாகக் கட்டுவதும் ஒருவருக்குக் கொடுப்பதும்தான் அதிகம் உதவுகின்றன.

அப்பா தவறி ஒரு வருடம். முன்பு தினமும் மாலை கட்டுற அம்மா இப்ப முற்றத்து மல்லிகையைத் தொடுறதே இல்லை. என்ன செய்யலாம்? (சாவகச்சேரி)

கணவரோடு பூவும் போய்விட வேண்டும் என்ற வழக்கம் கொடுமையானது. சின்ன வயதிலிருந்தே அம்மா தலையில் வைத்த பூ அது. ஆனாலும் "வையுங்கோ" என்று வற்புறுத்த வேண்டாம். அயலாரின் பார்வைக்கு முகம் கொடுக்க வேண்டியவர் அவர். முடிவும் அவருடையதாக இருக்கட்டும்.

விடியப்புறம் நீங்களே ஒரு தட்டம் பூ ஆய்ந்து வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து கட்டத் தொடங்குங்கள். சுவாமிப் படத்துக்கு என்று சொல்லுங்கள். முடிச்சு எப்படிப் போடுவது என்று கேளுங்கள். பழகிய கை சும்மா இருக்காது. விரல் வேலையில் இருக்கும்போது மனம் ஒரே நினைவைச் சுற்றுவது குறையும், பேச்சும் வரும். அப்பாவைப் பற்றிப் பேசினால் பேச விடுங்கள், அழுதால் அழ விடுங்கள். அப்பாவின் படத்துக்குத் தன் கையால் மாலை கட்டுவது சிலருக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.

ஆனால் சாப்பாடும் நித்திரையும் வாரக்கணக்கில் குழம்பியிருந்தால், "வாழ்ந்து என்ன" என்ற பேச்சு வந்தால், பூவை நம்பிக் காத்திருக்காதீர்கள். யாழ். போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

எங்கள் கிணறு உவர். என்ன பூமரம் வைக்கலாம்? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். (வேலணை)

நித்தியகல்யாணி, கடதாசிப்பூ, தேமா மூன்றும் ஓரளவு உவரைத் தாங்கும். மல்லிகை ஆசை என்றால் சாடியில் வைத்து, மாரியில் சேமித்த மழைநீரை ஊற்றுங்கள். அலரியும் தாங்கும்தான், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. மஞ்சள் அலரி விதை இதயத் துடிப்பையே குழப்பிவிடும். பிள்ளைகள் இருக்கும் வளவில் இரண்டும் வேண்டாம். நித்தியகல்யாணியையும் தின்னக் கூடாது, அதனால் தவழும் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் நடுங்கள்.

பிளாஸ்டிக் பூவும் மனதுக்கு நல்லதா? (சுன்னாகம்)

நிறம் கண்ணுக்கு இதம்தான். ஆனால் அதற்கு மணமில்லை, தண்ணீர் விடும் வேலையில்லை, நாளைக்கு எந்த மொட்டு விரியும் என்ற எதிர்பார்ப்பும் இல்லை. ஒரு செவ்வரத்தைத் தடியை நட்டுப் பாருங்கள்.

கந்தோர் மேசையில் வைக்கும் றோசா ஒரே நாளில் வாடுகிறது. (திருநெல்வேலி)

பக்கத்தில் மாம்பழமோ வாழைப்பழமோ இருக்கிறதா? பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட்டிவிடும். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் இது அடிக்கடி நடக்கும். தண்டைச் சரிவாக வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். மின்விசிறிக்கு நேரே வைக்க வேண்டாம்.