நுரையீரல் தெளிந்துவிட்டது, கால் ஏன் எழவில்லை?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. ஃப்ளூ காய்ச்சல் நிமோனியாவாகி, ஐசியுவில் வெண்டிலேட்டர் வரை போய்வந்தார். வீடு திரும்பி ஒரு மாதம் ஆகிறது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதாம். ஆனால் கை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை, தொடை மெலிந்துவிட்டது. படுத்தே ஓய்வெடுக்கட்டும் என்று விட்டிருக்கிறோம். சரிதானா?

பதில்: சரியில்லை. அவருக்கு இப்போது ஓய்வைவிடத் தேவை அசைவுதான்.

வைரஸ் தாக்கியது நுரையீரலை. ஆனால் கடுமையான தொற்றில் அழற்சி உடல் முழுவதும் பரவுகிறது. அப்போது உடல் தன் தசையையே உடைத்து, அதிலிருக்கும் புரதத்தை எடுத்துக்கொள்கிறது. கூடவே அசையாமல் படுத்திருப்பது, சாப்பிட முடியாதது எல்லாம் சேர்ந்துகொள்ளும். லண்டனில் ஐசியு நோயாளிகளின் தொடைத் தசையை ஸ்கேனில் அளந்து 2013இல் வெளியிட்டார்கள்: பத்தே நாளில் சராசரியாக சுமார் 18 சதவீதம் சுருங்கியிருந்தது. சிலருக்கு நரம்புகளும் பாதிக்கப்படும். டிஸ்சார்ஜ் தாளில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பாருங்கள். அதிக அளவில் கொடுத்திருந்தால், அது குறிப்பாகத் தொடை, இடுப்புத் தசைகளைத் தளர்த்தும். எழுவதும் படியேறுவதும் கஷ்டமாவது அதனாலும் இருக்கலாம். எடை கூடியிருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், கொழுப்பும் நீரும்கூட எடைதான்.

சாப்பாட்டில்தான் நம் வீடுகள் சறுக்குகின்றன. காய்ச்சல்காரர் என்று கஞ்சியும் ரசமுமாகவே ஓட்டுகிறோம். இந்த நிலையில் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ இருந்தால் 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதால் மீன், கோழி, பருப்பு, சுண்டல், தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

உடற்பயிற்சிக்கு அந்த நாற்காலியே போதும். இருக்கையில் தலையணை போட்டு உயர்த்தி, நீங்கள் பக்கத்தில் நின்று, ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். காலையும் மாலையும். சுலபமானதும் தலையணையை எடுத்துவிடலாம். மறுநாள் அசந்து படுத்துவிட்டால் அளவைக் குறையுங்கள். ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட் பார்ப்பது நல்லது. அப்புறம், அவசரப்படாதீர்கள், மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு வருடம் தாண்டியும் இழுக்கும்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். தசைவலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலும், விழுங்கும்போது புரையேறினாலும், மூச்சு புதிதாக வாங்கினாலும், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.