மகள் பாலத்துத் தண்ணீரைப் படிக்கப் போகிறாளாம்

ஐயா, "பாலம் கட்டுறேன்னு சொன்னாக்கூடப் பரவாயில்லை, பாலத்துத் தண்ணியை வடிக்கிறதைப் படிக்கப் போறேங்கிறா. இது பிளம்பர் வேலைதானே?" என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். மேம்பாலம் 500 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 1 லிட்டர். ஆக, மணிக்கு நாலரை லட்சம் லிட்டர்; நொடிக்கு 125 லிட்டர்! மொட்டைமாடிக்கு மேஸ்திரி வாட்டம் விடுகிற மாதிரி, பாலத்துக்கும் ஓரத்தை நோக்கி மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் அளவில் வாட்டம் விடுவார்கள். ஓரத்து ஓட்டைகளை மண்ணும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டால் அத்தனையும் வீண். தேங்கிய நீரில் வண்டி வழுக்குவது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. தெரியாதது வேறு: பாலத்தின் துண்டுகளுக்கு நடுவே விடுகிற இடைவெளியான எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் வழியே தண்ணீர் கசிந்து, தூண் தலையில் பாலத்தைத் தாங்கும் பேரிங்கைக் கெடுக்கும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறினால் கம்பி பருத்து கான்கிரீட்டையே பிளந்துவிடும். கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

சரி, படிப்பு. இதற்கென்று தனி இளநிலைப் பட்டம் கிடையாது. சிவில்தான். அதில் பலரும் பாஸ் மார்க்குக்காக மனப்பாடம் செய்கிற பாய்ம இயக்கவியலையும் நீரியலையும் அவள் புரிந்து படிக்க வேண்டும். எஸ்.டபிள்யூ.எம்.எம். என்ற வடிகால் மென்பொருள் இலவசம். இரண்டாம் ஆண்டிலேயே பழகலாம். நகரச் சாலை வடிகாலுக்காக இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) வெளியிட்ட எஸ்.பி. 50 கையேட்டையும் புரட்டட்டும். அப்புறம் நீர்வளத்திலோ கட்டமைப்பிலோ எம்.இ. செய்யலாம்.

வேலை என்றால், சாலையும் மெட்ரோவும் வடிவமைக்கிற ஆலோசனை நிறுவனங்கள், டி.என்.பி.எஸ்.சி. எழுதினால் நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளர். முதல் சம்பளம் ஐ.டி.க்குப் போன பக்கத்து வீட்டுப் பையனைவிடக் குறைவாக இருக்கலாம், சைட்டில் வெயிலும் காய வேண்டும். இதை அவளிடம் மறைக்காதீர்கள்.

கலந்தாய்வுக்கு முன் ஒரு மழை நாளில் அவளை மேம்பாலத்துக்குக் கீழே கூட்டிப்போங்கள். குழாய் தரைவரை வந்து வடிகாலில் சேர்கிறதா, பாதியில் நின்று டூவீலர்காரர் தலையில் கொட்டுகிறதா என்று பார்க்கட்டும். வீடு திரும்பியும் அதையே பேசிக்கொண்டிருந்தால், விருப்பப் பட்டியலில் சிவிலை முதலில் போடுங்கள்.